முதல் மூட்டையைப் பிரிக்கும் முன்

கான்கிரீட் கலக்கும் நாளில் பாதுகாப்பு: சொந்த வீடு கட்டுவோருக்கான விழிப்புணர்வுப் பேச்சின் எழுத்து வடிவம்



இப்போ வீடு கட்டிக்கிட்டு இருக்கிறவங்க, தை பிறந்ததும் ஆரம்பிக்கலாம்னு நினைக்கிறவங்க, இருக்கிற வீட்டு மேல மாடி எடுக்கப் போறவங்க, உங்க எல்லாருக்குமான பேச்சு இது.

வீடு கட்ட அனுமதி வாங்குவது முன்பை விட சுலபமாகியிருக்கு. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையவழியில் விண்ணப்பித்து உடனடி அனுமதி பெறலாம். அலைச்சல் குறைஞ்சது நல்ல விஷயம். ஆனா அனுமதி கைக்கு வந்த பிறகு, வேலை நடக்கிற இடத்துல யாருக்கும் அடிபடாம பாத்துக்கிறது யார்? பெரிய நிறுவனங்களின் வேலைகளில் பாதுகாப்பு அலுவலர் என்று தனியாக ஒருவர் இருப்பார். உங்க வீட்டு வேலையில் அப்படி ஒருத்தர் கிடையாது. மேஸ்திரி இருப்பார், அப்பப்போ வந்து போற இன்ஜினியர் இருப்பார், அப்புறம் நீங்க இருப்பீங்க.

வீட்டு வேலை முழுக்க ஆபத்து இருக்கு. இருந்தாலும் கான்கிரீட் போடும் நாளுக்குத் தனிக் கவனம் வேணும். ஏன்னா, கான்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது. சிமெண்டில் தண்ணீர் பட்ட நிமிடத்தில் இருந்து கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடும். இறுகத் தொடங்குவதற்குள் கலந்து, தூக்கி, கொட்டி, குத்திவிட்டு, மட்டம் பார்க்கணும். பாதியில் நிறுத்தினா அந்த இடத்துல இணைப்பு பலவீனமாகும். அதனால அன்னிக்கு எல்லாருக்கும் அவசரம். கையுறை, தொப்பி, மூடி, தடுப்பு எல்லாமே "அப்புறம் பாத்துக்கலாம் சார்" ஆகிடும்.

இந்தப் பேச்சில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். கான்கிரீட் நாளுக்கான பாதுகாப்பை முந்தின நாளே முடிச்சுடணும். முதல் மூட்டையைப் பிரிச்ச பிறகு எதையும் சரிசெய்ய நேரம் இருக்காது.

முந்தின நாள் மாலை: ஒரு மணி நேரம் ஒதுக்குங்க

அன்னிக்கு சாயங்காலம் மேஸ்திரியோடு சேர்ந்து இடத்தை ஒரு சுற்று சுற்றி வாங்க. முதலில் பார்க்க வேண்டியது சென்டரிங்.

ஒரு கணக்கு சொல்றேன். ஆயிரம் சதுர அடி தளம், ஐந்து இன்ச் கனம்னு வெச்சுக்குவோம். அதுக்கு ஏறக்குறைய 11.8 கன மீட்டர் கான்கிரீட் வேணும். கம்பியோடு சேர்ந்த கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,500 கிலோ. ஆக மொத்தம் 29 டன். ஆறேழு யானைகளை மாடியில் ஏத்தி நிறுத்துற மாதிரி. பீமோட எடை, மேல நின்னு வேலை செய்யிற ஆட்கள், வைப்ரேட்டர் எல்லாம் தனி. கான்கிரீட் இறுகி தன் எடையைத் தானே தாங்குற வரைக்கும் அவ்வளவையும் சுமப்பது கீழே இருக்கிற முட்டுதான்.

அதனால, ஒவ்வொரு முட்டும் செங்குத்தா நிக்குதான்னு பாருங்க. சவுக்கு மரமா இருந்தாலும் இரும்பு ஜாக்கியா இருந்தாலும் அடியில் கெட்டியான பலகை இருக்கணும். உயரம் பத்தலைன்னு செங்கல்லை அடுக்கி அதுமேல முட்டு நிறுத்தியிருந்தா, மாத்தச் சொல்லுங்க. புதுசா மண் கொட்டி நிரப்பின இடத்திலோ, தண்ணி தேங்குற இடத்திலோ நிக்கிற முட்டு அமுங்கும். முட்டுகளை ஒன்னோட ஒன்னு குறுக்குக் கட்டையால் கட்டியிருக்காங்களான்னும் பாருங்க. தனித்தனியா நிக்கிற முட்டு ஒரு இடி பட்டாலே நகர்ந்துடும்.

இங்கேதான் உங்க கைபேசி உதவும். முட்டு, பலகை, கம்பி கட்டியிருக்கும் விதம் எல்லாத்தையும் படம் எடுத்து இன்ஜினியருக்கு அனுப்புங்க. ஆனா படத்தை வெச்சே முடிவு பண்ண வேண்டாம். அவர் நேரில் வந்து பார்த்து, "தளம் போடலாம்" என்று எழுத்தில் ஒரு செய்தி அனுப்பட்டும். அந்த ஒரு வரி வந்த பிறகு மிக்சர் வண்டிக்கு முன்பணம் கொடுங்க.

அடுத்து மின்சாரம். கட்டுமானத்துக்கென்று தற்காலிக மின் இணைப்பு முறையாக வாங்கியிருக்கணும். அந்த இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இருக்கான்னு பாருங்க. ஆர்.சி.சி.பி. என்று பெயர், பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வாங்க. அதில் இருக்கிற சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்க, டக்குனு விழுந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம். பிளக் இல்லாத வயரைத் தீக்குச்சி சொருகி மாட்டுற பழக்கத்தை உங்க இடத்துல அனுமதிக்காதீங்க. ஈரக் கையும் ஈரத் தரையும் உள்ள நாள் அது. டேப் சுத்தின ஜாயிண்ட் தரையில் கிடந்தா, அதை மாத்தின பிறகுதான் வேலை.

தலைக்கு மேலேயும் பாருங்க. மனைக்குப் பக்கத்துல மின்கம்பி போகுதா? கடையில் இருந்து வர்ற கம்பி 12 மீட்டர் நீளம், அதாவது 40 அடி. மாடியில் ஒருத்தர் அதைத் திருப்பும்போது மறுமுனை எங்கே போகுதுன்னு அவருக்குத் தெரியாது. மின்கம்பி அருகில் இருந்தா, நாள் குறிக்கும் முன்பே உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி ஆலோசனை கேளுங்க. மின்னகம் சேவை மையத்தின் எண் 94987 94987.

வானிலையையும் பார்த்துடுங்க. அரசின் டி.என்.அலர்ட் செயலியில் உங்க பகுதி மழை எச்சரிக்கை வரும். ஐப்பசி, கார்த்திகை மாசத்துல நல்ல நேரம் பார்க்கிற அளவுக்கு வானத்தையும் பார்க்கணும். மழையில் முட்டுக்கு அடியில் மண் இளகும், பலகை வழுக்கும், மின்னலுக்கு மொட்டை மாடியில் ஒதுங்க இடம் கிடையாது.

கடைசியா, இடத்தோட வரைபடக் குறியீட்டை உங்க கைபேசியில் சேமிச்சு வைங்க. புது மனைப்பிரிவுகளில் தெருப் பெயர்ப் பலகைகூட இருக்காது. 108-க்கு அழைத்து "எங்கே இருக்கீங்க" என்று கேட்டதும் தடுமாறும் நிமிடங்கள் விலைமதிப்பு உள்ளவை. பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பள்ளிக்கூடம், கோயில், ரேஷன் கடை எதுன்னு மேஸ்திரியும் தெரிஞ்சு வெச்சிருக்கட்டும்.

மிக்சரைச் சுற்றி ஒரு கோடு

நம்ம ஊர்ல மில்லர்னும் சொல்ற கலவை இயந்திரம், அன்னிக்கு முழுக்க நிக்காம சுத்தும். மேல தளத்துக்கு லிஃப்ட் உள்ள இயந்திரமா இருந்தா, கலவை நிறைஞ்ச தொட்டி தலைக்கு மேல ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும்.

இயந்திரம் மட்டமான, கெட்டியான தரையில் நிக்கணும். சக்கரங்களுக்கு ரெண்டு பக்கமும் கட்டை கொடுக்கணும். பல்சக்கரம், பெல்ட் இருக்கிற பகுதிக்கு இரும்பு மூடி இருக்கும். வாடகை வண்டியில் பல நேரம் அது கழன்டு போயிருக்கும். மூடி இல்லாத வண்டி வந்தா திருப்பி அனுப்புங்க. வாடகை பேசும்போதே இதைச் சொல்லிட்டா காலையில் தகராறு வராது.

சுத்துற இயந்திரத்துக்குப் பக்கத்துல தொங்குற துணி ஆபத்து. தோளில் போட்ட துண்டு, கைலி முனை, சேலை முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த தலைமுடி, எது மாட்டினாலும் ஆளையே இழுத்துடும். சித்தாள் வேலை பார்க்கும் பெண்கள் சேலைக்கு மேல சட்டை போட்டுக்கிறது இதுக்கும்தான் உதவுது. முந்தானையை உள்ளே சொருகி, பொத்தான் முழுக்கப் போட்ட பிறகுதான் இயந்திரத்துக்குப் பக்கத்துல போகணும்.

டிரம் சுத்தும்போது உள்ளே ஒட்டியிருக்கிற கலவையை மம்பட்டியாலோ கையாலோ தள்ளிவிடக் கூடாது. அதே மாதிரி, ஜல்லியும் மணலும் கொட்டி மேல தூக்குற தொட்டிக்கு அடியில் சிந்தினதை அள்ள யாரும் குனியக் கூடாது. அந்தத் தொட்டியைத் தாங்குறது ஒரு எஃகுக் கயிறு. கயிற்றில் பிரி விட்டிருக்கா, கிளிப் இறுக்கமா இருக்கான்னு காலையிலேயே பார்க்கச் சொல்லுங்க. லிஃப்ட் ஏறி இறங்கும் இடத்துக்குக் கீழே நாலு பக்கமும் கயிறு கட்டி, அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாம பண்ணுங்க.

வேலை முடிஞ்சு கழுவும்போதும் விபத்து நடக்கும். எல்லாரும் களைச்சுப் போயிருக்கும் நேரம் அது. மின்சார இயந்திரமா இருந்தா பிளக்கைப் பிடுங்கி, கழுவுறவர் கண் முன்னாடி வைக்கணும். டீசல் இயந்திரமா இருந்தா எஞ்சின் முழுசா நின்ன பிறகுதான் கை உள்ளே போகணும்.

இயந்திரத்தை ஓட்டுறவர் ஒருத்தரே இருக்கட்டும். அவர் டீ குடிக்கப் போனா இயந்திரமும் நிக்கட்டும். "நிறுத்து" என்பதற்கு எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு சைகை வேணும். இப்போ பல இடங்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்தில் இருந்து வந்த தம்பிகளும் வேலை செய்யிறாங்க. நாம "நிறுத்துப்பா"ன்னு கத்தினா புரியணும்னு அவசியம் இல்லை. "ருக்கோ" என்ற ஒரு இந்திச் சொல்லும், ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் காட்டுறதும் போதும். காலையில் எல்லாரும் ஒருமுறை செய்து பார்த்துட்டா நினைவில் நிற்கும்.

சிமெண்ட் சுடும், ஆனா உடனே தெரியாது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமா படிங்க. ஏன்னா, நம்ம எல்லாருக்கும் சிமெண்ட் பழகின பொருள். பழகினதாலேயே பயம் இல்லை.

வெற்றிலையில் சுண்ணாம்பு ஒரு துளி கூடினா நாக்கு வெந்து போகும், இல்லையா? சிமெண்டில் தண்ணீர் சேரும்போது உருவாவதும் அதே வகைச் சுண்ணாம்புதான். நல்ல தண்ணீரின் பி.எச். அளவு 7. ஈரக் கான்கிரீட்டின் அளவு 12 முதல் 13 வரை. அது தோலை மெதுவா அரிக்கும். கொதிக்கிற எண்ணெய் பட்டா உடனே கையை இழுத்துக்குவோம். ஈர சிமெண்ட் பட்டா அப்படி எரியாது. மணிக்கணக்கா அதுக்குள்ளேயே நின்னு வேலை பார்த்துட்டு, ராத்திரி வீட்டுக்குப் போய்க் கழுவும்போதுதான் விரலிடுக்கிலும் முழங்காலிலும் தோல் உரிஞ்சிருப்பது தெரியும். மட்டம் பிடிக்கிற கொத்தனார் முழங்கால் ஊன்றி உட்காருவார். ஈரம் கைலி வழியா ஊறிக்கிட்டே இருக்கும். ஆழமான புண் வருவது அந்த மாதிரி இடங்களில்தான்.

இன்னொன்னு, சிமெண்டில் மிகச் சிறிய அளவில் குரோமியம் இருக்கு. வருஷக்கணக்கா தொட்டு வேலை செய்யிறவங்களில் சிலருக்கு அது தோல் ஒவ்வாமையாக மாறும். வந்துட்டா, அதுக்கப்புறம் கொஞ்சம் சிமெண்ட் பட்டாலும் அரிப்பும் வெடிப்பும் திரும்ப வரும். கொத்தனாருக்குத் தொழிலே போகிற விஷயம் அது.

என்ன செய்யலாம்? ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி. துணிக் கையுறை வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வெச்சிருக்கும், வெறுங்கையை விட மோசம். காலில் பிளாஸ்டிக் பை கட்டிக்கிட்டு இறங்குவதும் அப்படித்தான், உள்ளே புகுந்த சிமெண்ட் தண்ணீர் வெளியே வராது. பூட்ஸ் உள்ளே கலவை போயிட்டாலும் உடனே கழற்றிக் கழுவணும். தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டா போதும்னு நினைப்பவர்கள் உண்டு. எண்ணெய் கையுறைக்கு மாற்று ஆகாது.

அடுத்தது தண்ணீர். வேலை நடக்கும் இடத்தில் கை கழுவ நல்ல தண்ணீர் தனி டிரம்மில் இருக்கணும். கரண்டி, பாண்டு, மம்பட்டி கழுவுற அதே டிரம்மில் கையைக் கழுவினா, காரத் தண்ணீரில்தான் கழுவுறோம். ஒரு டிரம், ஒரு குவளை, ஒரு சோப்பு, இதுக்கு ஆகுற செலவு ரொம்பக் குறைவு.

தோலில் பட்டுட்டா: சிமெண்ட் பட்ட துணியைக் கழற்றிட்டு, உலர்ந்த தூளைத் தட்டிவிட்டு, ஓடுற நல்ல தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவணும். கண்ணில் தெறிச்சுட்டா: கசக்கவே கூடாது. இமையைத் திறந்து பிடிச்சு, அதே மாதிரி 20 நிமிடம் தண்ணீர் விட்டுக்கிட்டே இருக்கணும், பிறகு நேரா மருத்துவமனை. வலி குறைஞ்சாலும் மருத்துவர் பார்க்கணும், ஏன்னா காரம் கண்ணுக்குள்ளே போய்க்கிட்டே இருக்கும். மஞ்சள், பற்பசை, எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம்.

மூச்சில் போகிற தூசி

மூட்டையைக் கிழிச்சு உயரத்தில் இருந்து கொட்டினா சாம்பல் மேகம் மாதிரி எழும்பும். கொட்டுறவர் காற்று தன் முதுகுப் பக்கம் இருந்து வீசும்படி நிக்கணும். மூட்டையைத் தொட்டியோட வாய்க்குப் பக்கத்துல வெச்சுப் பிரிக்கணும். எம்-சாண்ட் காய்ஞ்சிருந்தா லேசா தண்ணீர் தெளிக்கலாம். அந்தத் தண்ணீரையும் கலவைக் கணக்கில் சேர்த்துக்கணும்.

மணலிலும் ஜல்லியிலும் சிலிக்கா இருக்கு. அதன் மிக நுண்ணிய தூசி வருஷக்கணக்கா நுரையீரலில் சேர்ந்தா சிலிக்கோசிஸ் நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வராம தடுக்கத்தான் முடியும். முகத்தில் சுற்றின துண்டு பெரிய தூசியைத்தான் தடுக்கும். மூட்டை பிரிக்கிறவருக்கும் இயந்திரத்தில் போடுறவருக்கும் என்-95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்க. பின்னாடி கான்கிரீட்டை வெட்டும்போதும், கிரைண்டரில் தேய்க்கும்போதும், எலக்ட்ரிக் வேலைக்காகச் சுவரைக் குடையும்போதும் இன்னும் அதிகமா வேணும்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி விடுப்பா"

தண்ணீர் கூடினா கலவை இளகும், பரப்ப சுலபமா இருக்கும். அதனால மேல இருந்து இந்தக் குரல் வந்துக்கிட்டே இருக்கும். இது தரம் சம்பந்தப்பட்ட விஷயம்தானே, பாதுகாப்புப் பேச்சில் எதுக்குன்னு கேட்கலாம். கூடுதல் தண்ணீர் பின்னால் ஆவியாகி, கான்கிரீட்டுக்குள் நுண்ணிய துளைகளை விட்டுட்டுப் போகும். பலம் குறைஞ்ச அந்தத் தளத்துக்குக் கீழே நின்னுதான் நாலு பேர் சென்டரிங் பிரிக்கப் போறாங்க. அப்புறம் அதுக்குக் கீழேதான் உங்க குடும்பம் தூங்கப் போகுது.

ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை, ஆய்வக வடிவமைப்பு இல்லாம அளந்து போடுற எம்-20 கலவைக்கு, 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்று வரையறுக்குது. மணலில் ஏற்கெனவே இருக்கிற ஈரத்தைக் கழிச்சுக்கணும். ஹோஸ் பைப்பைத் தொட்டிக்குள்ளே போட்டுட்டுக் கண்ணால் மதிப்பிடுவதை விட்டுட்டு, அளவு போட்ட வாளியில் ஊத்தச் சொல்லுங்க. தண்ணி, மணல், ஜல்லி, சிமெண்ட் எல்லாம் உள்ளே போன பிறகு குறைந்தது 2 நிமிடம் சுத்தணும். இளக்கம் உண்மையிலேயே பத்தலைன்னா, அதுக்கான ரசாயனக் கலப்புப் பொருள் பற்றி முன்கூட்டியே இன்ஜினியரிடம் கேட்டு வைங்க.

மேல நிக்கிறவங்க, கீழே இருக்கிறவங்க

கான்கிரீட் கொட்டும்போது தளத்துக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது. நிழலா இருக்குன்னு சாப்பாட்டுத் தூக்கை அங்கே வைப்பாங்க, உட்காருவாங்க, குழந்தைக்கு முட்டில் தூளி கட்டுவாங்க. மூணுமே கூடாது. முட்டு நகருதான்னு ஒருத்தர் வெளியே இருந்து பார்த்துக்கிட்டே இருக்கணும். படபடன்னு மரம் முறியிற சத்தம், ஒரு இடத்துல மட்டும் பால் ஒழுகுறது, பலகை தொய்யிறது, இதில் எது தெரிஞ்சாலும் நிறுத்தச் சொல்லி, எல்லாரையும் இறக்கிட்டு இன்ஜினியரைக் கூப்பிடணும். முட்டைச் சரிபண்ண அடியில் ஓடவே கூடாது.

மேல, கலவையை ஒரே இடத்துல குவிக்க விடாதீங்க. கம்பி மேல நேரடியா நடக்காம பலகை போட்டு நடக்கணும். குறிப்பா சன்ஷேடு, பால்கனி மாதிரி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற பகுதிகளில், முக்கியமான கம்பி மேல்பக்கம் இருக்கும். மிதிச்சு மிதிச்சு அது கீழே அமுங்கிட்டா, முட்டு எடுக்கிற அன்னிக்கே உடைஞ்சு விழலாம்.

நீட்டிக்கிட்டு இருக்கிற தூண் கம்பி முனைகளில் காலி தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைக்கிறது கண்ணுக்குத் தெரிய உதவும். தடுமாறி மேல விழுந்தா காப்பாத்தாது. வரிசையா ஒரு மரச்சட்டத்தை மேல கட்டினா நல்லது. தளத்தின் விளிம்பில் இடுப்பளவு உயரத்துக்குக் குறுக்குக் கட்டை, ஏறி இறங்க நல்ல படி அல்லது கட்டிவெச்ச ஏணி, எல்லாருக்கும் தலைக்கவசம். படி வைக்கிற இடத்துல விடுற திறப்பைப் பலகையால் மூடிக் கட்டிடுங்க.

சுமையும் முக்கியம். ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1998-ல் வந்த மத்திய விதிகள், பெண் தொழிலாளி ஒருவர் தனியாகத் தூக்கும் சுமைக்கு வைத்த வரம்பு 30 கிலோ. சித்தாள் அக்கா தலையில் முழு மூட்டையை ஏத்துறது தப்பு. பாண்டையும் விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். வெயில் காலத்தில் விடியற்காலையிலேயே ஆரம்பிச்சு, உச்சி வெயிலுக்குள் முடிக்கிற மாதிரி ஆட்களைக் கூட்டிக்கோங்க. மோர், உப்புக்கரைசல், நிழல், இவை அன்றைய பொருள் பட்டியலில் ஜல்லி, சிமெண்டோடு சேர்ந்தே இருக்கட்டும். பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைகளை, லீவு நாள்னு அப்பா அம்மாவே கூட்டிட்டு வந்தாலும், வேலையில் சேர்க்காதீங்க. தண்ணித் தொட்டிப் பள்ளத்தை மூடி வைங்க.

ரெடிமிக்ஸ் வாங்கினா மிக்சர் ஆபத்து குறையும், வேற ஆபத்துகள் வரும். லாரி பின்னால் வரும்போது வழிகாட்ட ஒருத்தர் வேணும். பூம் பம்ப் வண்டியின் கால்கள் பள்ளத்து ஓரத்தில் ஊன்றக் கூடாது. அதன் கை மின்கம்பிப் பக்கம் திரும்பவே கூடாது. முதல் கலவை வரும்போது குழாய் முனை திடீர்னு சுழற்றி அடிக்கும்; ஆரம்பத்தில் பக்கத்துல யாரும் நிக்க வேண்டாம்.

சென்டரிங் பிரிக்க அவசரப்படாதீங்க

பலகைக்கு நாள் வாடகை ஓடும். "ஒரு வாரம் ஆச்சே, பிரிச்சுடலாம்" என்ற பேச்சு வரும். சாதாரண சிமெண்டுக்கு ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்சக் கால அளவு இது: தளத்தின் இடைவெளி 4.5 மீட்டர் வரை என்றால் முட்டு 7 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாள். பீமின் இடைவெளி 6 மீட்டர் வரை என்றால் 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இன்னிக்குக் கடையில் அதிகம் கிடைக்கிற பி.பி.சி. சிமெண்ட் பலம் பெற இன்னும் கொஞ்சம் நாள் எடுக்கும். அதனால இன்ஜினியர் சொல்ற நாள்தான் கணக்கு. நீட்டிக்கிட்டு இருக்கிற பகுதியில், வெளி முனையில் இருந்து சுவரை நோக்கி முட்டு எடுத்துட்டு வரணும். பிரிக்கும் நேரத்தில் அந்த ஆட்களைத் தவிர வேற யாரும் உள்ளே இருக்கக் கூடாது.

விபத்து நடந்துட்டா

மின்சாரம் தாக்கினா, ஆளைத் தொடும் முன்பு மெயினை அணைக்கணும். உயரத்தில் இருந்து விழுந்தவரை உட்கார வைக்கவோ, தூக்கி ஆட்டோவில் ஏத்தவோ வேண்டாம். முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம்; அசைக்காம 108 வரும் வரை காத்திருங்க. இடிபாட்டில் யாராவது மாட்டினா 112-ஐ அழைச்சு, தீயணைப்பு, மீட்புப் பணியினர் வேணும்னு தெளிவா சொல்லுங்க.

உங்க வீட்டு வேலைக்கு வர்றவங்க கிட்ட இன்னொரு கேள்வியும் கேளுங்க: "நல வாரிய அட்டை இருக்காண்ணே?" தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் செயல்படுது. 18 முதல் 60 வயதுக்குள் இருக்கும் கட்டுமானத் தொழிலாளர்கள் இணையத்திலேயே பதிவு செய்யலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, ஓய்வூதியம் எல்லாம் அதன் வழியா கிடைக்குது. பதிவு செய்யாதவங்க இருந்தா, டீ இடைவேளையில் உங்க கைபேசியிலேயே பக்கத்தைத் திறந்து காட்டுங்க. பதிவு செய்தவங்க புதுப்பித்தல் தேதி தாண்டிடாம இருக்காங்களான்னும் கேளுங்க.

நாளை காலை தளம் போடப் போறீங்கன்னா, இன்று இரவுக்குள் இதை ஒருமுறை சரிபாருங்க:

- இன்ஜினியர் நேரில் பார்த்து, எழுத்தில் சம்மதம் சொல்லிட்டாரா?
- முட்டு எல்லாம் செங்குத்தா, கெட்டியான அடியோடு, குறுக்குக் கட்டையோடு இருக்கா?
- ஆர்.சி.சி.பி. வேலை செய்யுதா? வயரில் ஜாயிண்ட் இல்லையே?
- மிக்சரில் மூடி, கயிறு, சக்கரக் கட்டை சரியா இருக்கா?
- ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, முகக்கவசம், தலைக்கவசம் வர்ற ஆட்களின் எண்ணிக்கைக்கு இருக்கா?
- கை கழுவவும் குடிக்கவும் தனித்தனியா நல்ல தண்ணீர் இருக்கா?
- தண்ணீர் அளக்க வாளி இருக்கா?
- தளத்துக்குக் கீழே யாரும் போகாம கயிறு கட்டியாச்சா?
- "நிறுத்து" சைகை எல்லாருக்கும் தெரியுமா?
- இடத்தின் வரைபடக் குறியீடு கைபேசியில் இருக்கா?

இதில் ஒன்று இல்லைன்னாலும் ஒரு நாள் தள்ளிப் போடுங்க. வாடகையும் கூலியும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். உங்க வீட்டுத் தளத்தைப் போட்டவங்க எல்லாரும் அன்னிக்கு சாயங்காலம் கூலி வாங்கிக்கிட்டு, நல்லபடியா அவங்கவங்க வீட்டுக்குப் போய்ச் சேரணும்.